மலைச்சரிவில் நின்ற படகுக்குள்

மலைமேல் ஒரு படகு நிற்கிறது, அதன் உள்ளே இருக்கும் மரத்துக்கெல்லாம் பாலிஷ் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கைபேசியில் வந்திருந்த படத்தைக் காட்டினார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, அழுக்கேறிய வெள்ளைப் பெயின்ட்டோடு, ஒரு டவுன் பஸ் நீளத்துக்கு நிஜமாகவே ஒரு படகு இருந்தது. அடியில் தண்ணீர் இல்லை. இரும்பு முட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன.

ஒரு காலத்தில் பணக்காரர்கள் கடலில் உல்லாசமாகப் போய்வர வைத்திருந்த மோட்டார் படகாம். ஏதோ ஒரு துறைமுகத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததை ஒருவர் வாங்கியிருக்கிறார். மேல்கூண்டைத் தனியாகக் கழற்றி, நீள லாரியில் ஏற்றி, வழியில் மறித்த கிளைகளை வெட்டிக்கொண்டே கல்வராயன் மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே அவருக்கு ஒரு விடுதி இருக்கிறது. வருகிற விருந்தாளிகள் படகுக்குள் படுத்துத் தூங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"படகுக்கெல்லாம் நமக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"உள்ள பூரா தேக்கும் மகோகனியும். வூட்டுக் கதவுல இருந்தா இன்னா, படகுல இருந்தா இன்னா, மரம் மரந்தானே."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"தண்ணியே இல்லாத எடத்துல நிக்குதுமே."

எங்கள் வீடு சின்னசேலத்தில். கதவு, கட்டில், ஊஞ்சல், பூஜையறைக் கதவு என்று பாலிஷ் வேலைதான் இருவருக்கும். கல்யாணமான புதிதில் அவருக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுக்கத்தான் போனேன். பெண் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு முழு நேரமும் கூடவே போகிறேன். அவர் துணிந்தவர். நான் பயந்த சுபாவம். சிலிண்டரை மூடியிருக்கிறோமா என்று இரண்டு முறை எழுந்து பார்ப்பவள். அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு அந்த இரும்பு முட்டுகள்தான் கண்ணில் பட்டன. அத்தனை பெரிய உடம்புக்கு அவை மெல்லிய கால்களாகத் தெரிந்தன.

கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி மேலே போனோம். விடுதிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சரிவில், படகின் மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தது. நடு வயிற்றுக்குக் கீழே தண்டவாளக் கட்டைகள். இரண்டு பக்கமும் முட்டுகள். ஏறுவதற்குப் பின்புறம் வலது பக்கத்தில் ஒரு மூங்கில் ஏணி சாய்த்திருந்தது. நான் கடைசிப் படியில் கால் வைத்தபோது படகு அசைந்தது. அசைந்ததாக எனக்குத் தோன்றியது. எது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

"ஆடுதுங்க," என்றேன்.

கீழே நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். சென்னைக்காரர், எங்களைவிட வயதில் சிறியவர். "அக்கா, அது இருக்குற கனத்துக்கு யானை மோதினாகூட நகராது. தைரியமா ஏறுங்க."

உள்ளே போக மூன்று படி இறங்க வேண்டும். முதலில் நாற்காலிகளும் மேஜையும் தரையோடு சேர்த்து அடித்த ஒரு கூடம். அதன் ஓரத்தில் பொம்மை அடுப்படி மாதிரி ஒரு சமையல் மூலை. அப்புறம் ஒரு குறுகலான கதவு. கதவுக்கு அந்தப் பக்கம், படகின் மூக்குப் பகுதியில், இரண்டு படுக்கைகள் கால்மாட்டில் ஒன்றோடொன்று சேருகிற சின்ன அறை. அதன் கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மேலே திறக்கிற மூடி. உள்ளே ஒரு பலகைகூட நேராக இல்லை. சுவர் வளைந்தது, கூரை வளைந்தது, அலமாரி வளைந்தது. படகே லேசாக முன்பக்கம் தாழ்ந்திருந்ததால் கீழே வைத்த டப்பா மூடி தானாக உருண்டு அந்தக் கதவுப் பக்கம் போகும். அரை மணி நேரம் வேலை செய்தால் எது மேடு, எது பள்ளம் என்றே மறந்துவிடும். வெளியே வந்து மண்ணில் கால் வைத்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

வேலை என்னவோ அழகான வேலைதான். பழைய வார்னிஷ் அடுக்கடுக்காக ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. ரிமூவரைத் தடவிக் கொஞ்சம் பொறுத்தால் அது கொப்பளித்து எழும். தகட்டால் வழித்தால் பாலாடை மாதிரி சுருண்டு வரும். அடியில் இருந்த தேக்கு, வெல்லப்பாகு நிறத்தில் அப்போதுதான் அறுத்தது போல இருந்தது. ஆனால் அந்த ரிமூவரின் வாசனை எனக்கு ஆகாது. ஒரு மாதிரி தித்திப்பாக இருக்கும், மூக்கில் ஏறினால் பின்மண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மின்விசிறியை வைத்துக் குழாய் போட்டுக் காற்றை வெளியே தள்ளித்தான் வேலை செய்தோம். ரிமூவர் பூசும் வேலையை அவரே வைத்துக்கொண்டார். தேய்ப்பதும், வார்னிஷுக்கு முன்னால் மரத்தின் துளைகளை அடைக்கிற சீலர் அடிப்பதும் எனக்கு.

மத்தியானத்தில் வெயில் மறையும்போது படகுக்குள் எங்காவது 'டொக்' என்று சத்தம் கேட்கும். நான் கையை நிறுத்திவிடுவேன்.

"மரம்னா சத்தம் போடத்தான் செய்யும். நீ தேய்," என்பார்.

கூடத்தை முடித்ததும் அந்தக் குறுகலான கதவைக் கழற்றினோம். மேல்பாதி ஒரே பலகை. கீழ்பாதியில் காற்றுப் போவதற்காகச் சிறு சட்டங்களைச் சாய்த்து வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் விரலில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டியிருந்தது. முடித்துத் திரும்ப மாட்டியபோது கதவு ஓசையே இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். வேலையில்லாமலே நாலு தடவை திறந்து மூடினார்.

பிறகு மலையில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் போனால் அந்தக் கதவு மேல்மூலையில் உரசியது. "ஈரத்துல ஊதியிருக்கும்," என்று அந்த மூலையை ஒரு சீவல் சீவினார். சரியாகிவிட்டது. கொஞ்ச நாளில் அதே மூலை மறுபடியும் இடித்தது. இந்தத் தடவை அவர் இழைப்புளியை எடுக்கவில்லை. கதவைச் சுற்றி இருந்த இடைவெளியில் விரலை விட்டு மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே போனார். அப்புறம் ஏணியில் இறங்கி, படகுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் மாறியிருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இன்னாங்க?"

"மரம் ஊதுனா எல்லாப் பக்கமும் ஊதும். இது மேல ஒரு மூலையில இடிக்குது, கீழ எதிர்மூலையில கை போற அளவு சந்து விட்டுக்கினு இருக்குது. கதவு ஒழுங்காத்தான் இருக்குது. நெலவுதான் கோணிடுச்சி."

கதவு நிலை கோணினால் அதைத் தாங்குகிற படகு முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் முன்னால் இருக்கும் முட்டு மண்ணில் இறங்கியிருக்கிறது என்றார். அவர் வாயாலேயே அதைக் கேட்ட பிறகு எனக்கு உள்ளே கால் வைக்கவே முடியவில்லை. இத்தனை நாள் என் மனப்பிரமை என்று நினைத்துச் சமாதானம் ஆகியிருந்தேன். இப்போது அந்தச் சமாதானமும் போயிற்று.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அவர் சென்னையில் இருந்தார். "ஜாக்கி வச்சுத் தூக்குற ஆளுங்க திங்கக்கிழமை வர்றாங்க மேஸ்திரி. அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது. உள்ளே ரூம் வேலையை முடிச்சிடுங்களேன்," என்றார்.

"நாம ஊருக்குப் போயிடலாங்க. திங்கக்கெழம கழிச்சி வரலாம்," என்றேன்.

அவர் போனைப் பைக்குள் போட்டார். மூக்குப் பக்கத்து முன்னறையில் ஒரு பக்கச் சுவரில்தான் பழைய வார்னிஷ் பாக்கி. "அந்த ஒரு பக்கத்த வழிச்சிட்டுக் கெளம்பிடலாம். இன்னிக்கி மழ வர்ற மாதிரி இல்ல," என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறைக்குள் போனார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஏறி, கூடத்து மேஜைக்கு இன்னொரு கோட்டுக்காக உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். "இந்த நாத்தம் ஒனக்கு வேணாம்மே," என்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். உரசிக்கொண்டேதான் சாத்தியது. உள்ளே விசிறி ஓடும் சத்தமும் தகடு சுரண்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. "மேல மூடுமே, மரம் நனையப்போவுது!" என்று உள்ளேயிருந்து கத்தினார். நான் மேலே ஏறி, முன்னறையின் கூரை மூடியை இறக்கினேன். விசிறிக் குழாய் வெளியே வருவதால் அது முழுசாக மூடாது. அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் குழாய் வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே ஓடி வந்தேன். மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்தது. விசிறி நின்றது.

"கரண்ட்டு போயிடுச்சிங்க. வெளிய வாங்க."

"இதோ, பூசினத வழிச்சிட்டு வரேன்."

நான் உப்புத்தாளை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. வழக்கமான 'டொக்' இல்லை. பாரம் ஏற்றிய கரும்பு வண்டி பள்ளத்தில் இறங்கும்போது முனகுமே, அப்படி நீளமாக ஒரு முனகல். என் வலது காலுக்குக் கீழே தரை இறங்கியது. மேஜைமேல் இருந்த தின்னர் டப்பா சறுக்கிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. நான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும். மூச்சை இழுத்து விட்டால்கூடப் படகு சாய்ந்துவிடும் போல இருந்தது.

"ஏங்க!"

உள்ளே அவர் சிரித்தார்.

படகு இறங்கியதைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். "கதவு வரலமே," என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார். நாக்கு குழறியது. கள்ளச்சாராயம் குடித்து எங்கள் மாவட்டத்தில் அத்தனை பேர் செத்த கோரம் நடந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பாலிஷுக்கு ஸ்பிரிட் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். குழறுகிற பேச்சைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடுவார்கள். ஜென்மத்தில் குடிக்காத மனுஷன். ஆனாலும் ஒரு நிமிஷம், ஸ்பிரிட் கேனில் கை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் கதவுச் சட்டங்களின் வழியாக அந்தத் தித்திப்பு வாசனை என் காலடிக்கு வந்தது. அப்போது புரிந்தது.

"எழுந்து நில்லுங்க! மேல மூடிய தள்ளுங்க!"

"எதுக்குமே?" என்றார் சாவகாசமாக. அதன் பிறகு கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

கதவைப் பிடித்து இழுத்தேன். நிலை மேல்மூலையில் கவ்விப் பிடித்திருந்தது. காலை உதைத்து இழுக்கலாம் என்றால் உதைக்கிற உதையில் முட்டு இன்னும் இறங்கிவிடுமோ என்று பயம். இழுக்காமல் நின்றாலும் பயம். படி ஏறி வெளியே தலையை நீட்டினேன். விடுதியின் வாட்ச்மேன் உரச் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றிருந்தார். பக்கத்து மலைக்கிராமத்துக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும்.

"அண்ணே, ஏறி வாங்க! அவரு உள்ள மாட்டிக்கினாரு! கதவு வரல!"

"எம்மா, சாஞ்சிக்கினு இருக்குதும்மா. நானும் ஏறுனா மொத்தமா போயிடும். நீ எறங்கிடும்மா!"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் இறங்கிவிடத்தான் கால் பரபரத்தது. "அப்ப கீழருந்தே அந்தத் தார்ப்பாய இழுங்கண்ணே! உள்ள காத்து இல்ல!" என்று கத்திவிட்டு மறுபடியும் உள்ளே இறங்கினேன்.

உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் மண்டி போட்டேன். முதல் அடியில் சட்டம் உடையவில்லை. பழைய தேக்கு, கல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் படகு என்ன செய்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை அடித்தேன். அப்படி அடித்தால் எப்போது உடைவது? ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். விழுந்தால் விழட்டும் என்று ஓங்கி அடித்தேன். ஒரு சட்டம் பிளந்தது. அதன் பிறகு உளியைச் சொருகி நெம்ப, ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. நானே விரலால் தேய்த்த சட்டங்கள். அப்போது அந்த நினைப்பெல்லாம் வரவில்லை.

ஓட்டை வழியாகப் பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்து, தலையைப் படுக்கைப் பலகையில் சாய்த்திருந்தார். கண் திறந்தே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உடம்பை உள்ளே நுழைத்தேன். அந்த நேரத்தில் மேலே தார்ப்பாய் சரசரவென்று இழுபட்டது. வாட்ச்மேன் மாங்காய் பறிக்கிற துரட்டியைக் கொண்டுவந்து மாட்டி இழுத்திருக்கிறார். மூடியின் விளிம்பையும் அதிலேயே நெம்பிவிட்டார். வெளிச்சமும் காற்றும் மழையும் சேர்ந்து என் வீட்டுக்காரர் தலைமேல் கொட்டின. அவர் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தவழ்ந்து வாங்க. எம் பின்னாலயே வாங்க."

"தல சுத்துதுமே."

"சுத்தட்டும், வாங்க."

அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். பாதி அவர் தவழ்ந்தார், பாதி நான் இழுத்தேன். அவர் முதுகில் சட்டத்தின் சிம்பு கீறி ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தோம். படிகளில் ஏற்றி வெளியே கொண்டுவந்தேன். ஏணி இருந்ததும் சாய்ந்த பக்கம்தான். அதன் கால்கள் மண்ணில் வழுக்கிக்கொண்டிருந்தன. ஏறவே மாட்டேன் என்ற வாட்ச்மேன், படகின் வயிறு தன் தலைக்குமேல் சாய்ந்திருக்க, அதற்குக் கீழே வந்து நின்று ஏணியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மேலே பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கியதும் மூவரும் ஒரு பலாமரத்துக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தோம். என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். படகு விழவில்லை. ஆனால் அது விழுவதை எதிர்பார்த்து நான் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

விடுதி ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் முதலில் கேட்டது, "குடிச்சிருக்காரா? எங்க வாங்கினாரு?" என்பதுதான்.

"இல்லீங்க. மரத்துக்குப் போடுற மருந்து, அதோட ஆவி," என்றேன். நம்பாமல் அவர் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஆக்சிஜன் வைத்தார். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், உட்கார்ந்து வேலை செய்பவரைத்தான் முதலில் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அவருக்குத் தலைவலி. சொன்னதையே திரும்பச் சொல்வார். எனக்கு வேறு மாதிரி. படுத்தால் கட்டில் வலது பக்கம் இறங்குவது போல இருக்கும். எழுந்து உட்கார்ந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன்.

ஜாக்கிக்காரர்கள் வந்து படகைத் தூக்கி, முட்டுகளுக்குக் கீழே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ரோட்டிலிருந்து இறங்கிய மழைத் தண்ணீர் அந்த ஒரு முட்டின் காலடியில் மண்ணை அரித்திருக்கிறது. வேலையை முடித்துத் தரும்படி முதலாளியே பேசினார். வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் என்னை வற்புறுத்தவில்லை; தனியாகப் போய்வருகிறேன் என்றார். தனியாக அவர் அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பதை வீட்டில் இருந்து நினைத்துக்கொண்டிருப்பதற்கு, கூடவே போவது மேல் என்று தோன்றியது. அதனால் போனேன். தைரியம் வந்து போகவில்லை.

ரிமூவர் வேண்டாம் என்று நான் போட்ட நிபந்தனைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மீதி இருந்ததைத் தகட்டால் வெறுமனே சுரண்டியே எடுத்தோம். உடைந்த சட்டங்களுக்குச் சின்னசேலத்திலேயே புதுத் தேக்கில் அறுத்து எடுத்துப் போனோம். முன்னறைக்குள் அவரை விடவில்லை, நான் இறங்கினேன். மூடியை மல்லாக்கத் திறந்துவைத்து, அதன் ஓரத்தில் அவர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கியாமே?" என்பார் கொஞ்சத்துக்கொரு தரம்.

"இருக்கேங்க."

கை வேலை செய்துகொண்டே இருந்தது. காது மட்டும் முட்டுகளிடமே இருந்தது. வார்னிஷ் கடைசிக் கோட்டு அடிக்கும்போதுகூட, ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷை நிறுத்திக் கேட்டேன். புதுச் சட்டங்கள் பழைய நிறத்துக்கு முழுசாக வரவில்லை. ஒரு பங்கு வெளுப்பாகவே நின்றன. இன்னும் கொஞ்சம் கலர் ஏற்றலாமா என்று அவர் கேட்டார். போதும், விட்டுவிடுங்கள் என்றேன்.

வேலை முடிந்த அன்று முதலாளி வந்திருந்தார். ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்து மெச்சினார். எல்லோரும் உள்ளே கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் ஏறினார். சூப்பர்வைசர் ஏறினார். "நீங்களும் வாங்கம்மா, நீங்க பண்ண வேலைதானே," என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்க, நான் இங்கயே குடிக்கிறேன்," என்றேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனேன். வாட்ச்மேனும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். உள்ளே அவர்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. நாங்கள் இருவரும் படகைப் பார்த்தபடியே காபியைக் குடித்து முடித்தோம்.